பட்டமும் ஆட்டமும்

இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. டில்லிக் குளிர் எலும்பைக் குடையும் இரவு. விடுதிப் பொது அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நம் மன்றத்துப் பெண்கள் கும்மி பழகிக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் அருகில் வந்து அமர்ந்தாள். நெற்றி வியர்வையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே, "அக்கா, இதோட சரி. அடுத்த வருஷம் பிளேஸ்மெண்ட். இனிமே ஆட்டமெல்லாம் கிடையாது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. பதினைந்து வயதில் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

அதே வாரம் இன்னொரு மாணவர் வந்தார். மேனாட்டு நடனத்தில் பித்துக்கொண்டவர். "அக்கா, படிப்பை நிறுத்திட்டு முழு நேரமும் இதுலயே இறங்கிடலாம்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

ஒருத்தி படிப்புக்காக ஆட்டத்தைக் கைவிடுகிறாள். ஒருவர் ஆட்டத்துக்காகப் படிப்பைக் கைவிடத் துணிகிறார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நடப்பதுபோல் தோன்றினாலும், இருவர் உள்ளத்திலும் வேர்விட்டிருக்கும் எண்ணம் ஒன்றுதான்: பட்டமும் ஆட்டமும் ஓர் உறையில் இடும் இரண்டு வாள்கள், ஒன்று இருந்தால் மற்றொன்று இராது. இந்த எண்ணம் பிழை என்பதே என் கட்சி. அதை நம் மன்ற மலரில் எடுத்துரைக்க ஆசிரியர் குழு இடம் அளித்தமைக்கு நன்றி.

கட்சி பேசுமுன் என் கதையைச் சொல்லிவிட வேண்டும். கும்பகோணத்தில் ஆறு வயதில் பரதம் பயிலத் தொடங்கியவள் நான். தட்டுக்கழி ஓசைக்கு அடவு போட்டே என் மாலை நேரங்கள் கழிந்தன. பத்தாம் வகுப்பு வந்தது. "இந்த ஒரு வருஷம் போகட்டும்மா" என்றார் அப்பா. அந்த ஒரு வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் நீண்டது. பிறகு கல்லூரி வந்தது. சலங்கை பரணுக்குப் போயிற்று. யாரும் என்னைத் தடுக்கவில்லை, கண்டிக்கவில்லை. 'போகட்டும்' என்ற ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது.

இருபத்திரண்டாம் வயதில் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குச் சென்றேன். அங்கே கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர் கழகங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் சேர்க்கும். படகோட்டுவோர், சதுரங்கம் ஆடுவோர், மலை ஏறுவோர் என்று சந்தைபோல் இரைச்சல். அவற்றின் நடுவே பால்ரூம் நடனக் கழகத்தின் மேசை. 'அனுபவம் வேண்டாம், ஜோடி வேண்டாம், காலணி மட்டும் போதும்' என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் திகைத்து நின்றேன். கலை என்பது ஐந்தில் தொடங்க வேண்டியது என்றல்லவா நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம்! இருபத்திரண்டு வயதுக் கிழவியைக் கூப்பிடுகிறார்களே என்று வியந்துகொண்டே பெயரைக் கொடுத்தேன்.

பால்ரூம் என்றால் ஏதோ விருந்து மண்டபத்தில் பணக்காரர்கள் கைகோத்து அசைவது என்று எண்ணியிருந்தேன். போட்டி நடனம் அப்படிப்பட்டதன்று. அதில் பத்து வகை உண்டு. வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், குவிக்ஸ்டெப் என்பன ஒரு தொகுதி. சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் என்னும் லத்தீன் வகை மற்றொரு தொகுதி. ஒவ்வொன்றுக்கும் தாளமும் வேகமும் வரையறுக்கப்பட்டவை. வால்ட்ஸ் மூன்றெண்ணிக்கைத் தாளம், நிமிடத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தம். குவிக்ஸ்டெப் நான்கெண்ணிக்கை, நிமிடத்துக்கு 50 ஆவர்த்தம். முதல் வகுப்பில் ஆசிரியை 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணியபோது என் கால்களுக்கு அது 'தகிட, தகிட' என்றே கேட்டது. ஏழு வருஷம் பரணில் கிடந்த திஸ்ரம் அன்று இறங்கி வந்தது. கண் கலங்கிவிட்டது, தூசி என்று பக்கத்தில் நின்றவளிடம் பொய் சொன்னேன்.

மேனாட்டு மாணவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விளையாட்டுப் போட்டியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் படகுப் பந்தயம் உண்டு என்பதை நாம் அறிவோம். நடனப் பந்தயமும் உண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்? கேம்பிரிட்ஜில் மாணவர் நடனக் கழகம் 1942-இல், உலகப் போரின் நடுவில், தோன்றியது. குண்டு விழுந்த காலத்திலும் ஆடியவர்கள் அவர்கள்! அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக் கழகம் தன் மாணவர் நடனக் குழுவால் பெயர் பெற்றது.

அந்த உலகத்தின் தலைநகரம் பிளாக்பூல். இங்கிலாந்தின் வடமேற்கில் ஐரிஷ் கடலோரத்தில் உள்ள ஊர். அங்கே விண்டர் கார்டன்ஸ் என்னும் கட்டடத்துக்குள் 1896-இல் கட்டிய எம்பிரஸ் மண்டபம் இருக்கிறது. 1920 முதல் அவ்வூரில் நடன விழா நடந்து வருகிறது. சங்கீதம் பயில்கிறவர்க்குத் திருவையாறு எப்படியோ, பால்ரூம் ஆடுகிறவர்க்குப் பிளாக்பூல் அப்படி.

முதல் ஆண்டில் பல்கலைக் கழகங்களுக்கிடையே நடந்த போட்டிக்காக அங்கே போனேன். பழகி ஆறு மாதங்கூட ஆகாத எங்களுக்கு 'தொடக்க நிலை' என்று தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும். புதியவன் பழையவனோடு மோதி மனமுடைந்து போகாமல், புதியவர்களோடு மட்டும் மோதி வளர்வதற்குப் போடப்பட்ட வாய்க்கால் இது. நம் ஊரில் பாட்டுப் போட்டி என்றால் பத்து வருஷம் பயின்றவரும் பத்து நாள் பயின்றவரும் ஒரே மேடையில் ஏறுகிறார்கள். பத்து நாள் பயின்றவர் மறுபடி ஏறுவதில்லை.

கழகங்களில் பெண்கள் மிகுதி, ஆண்கள் குறைவு. ஆகவே பெண்ணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவது அங்கே வழக்கம். என் முதல் ஜோடி போலந்து நாட்டுப் பெண்; நடத்திச் செல்பவள் அவள், பின்பற்றுபவள் நான். களத்தில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு ஜோடிகள். கோயிலை வலம் வருவதற்கு நேர்மாறாக, எல்லோரும் அப்பிரதட்சிணமாகச் சுற்ற வேண்டும். என்ன பாட்டு வரும் என்று முன்னால் சொல்லமாட்டார்கள். ஒன்றரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். நடுவர்கள் ஒற்றைப்படையில், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமல், அடுத்த சுற்றுக்குரியவர்களின் எண்களைக் குறிப்பார்கள். இறுதிச் சுற்றில் ஒவ்வொரு நடுவரும் எல்லா ஜோடிகளையும் வரிசைப்படுத்துவார். முதலிடம் என்று பெரும்பான்மை நடுவர் யாரைச் சொன்னார்களோ, அந்த ஜோடிக்கே முதலிடம். தனி ஒருவரின் விருப்பு வெறுப்பு அங்கே செல்லாது.

எங்கள் எண்ணை அவர்கள் படிக்கவில்லை. முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். போலந்துப் பெண் தோளைக் குலுக்கிக்கொண்டு, வார்க் கம்பித் தூரிகையால் காலணியின் அடித்தோலைத் தேய்க்கத் தொடங்கினாள். அடுத்த ஆட்டத்தில் வழுக்காமலிருக்க அப்படித் தேய்ப்பது வழக்கம். தோற்ற ஐந்தாம் நிமிஷத்தில் அடுத்த ஆட்டத்துக்குக் காலணி தேய்க்கும் அந்தக் கை எனக்கு ஒரு பாடமாயிற்று. பதினைந்து வருஷம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய எனக்குத் தோற்கத் தெரிந்திருக்கவில்லை. பிளாக்பூலில்தான் கற்றுக்கொண்டேன்.

இனி, என் கட்சிக்கு எதிராக எழும் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம் வயது. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்ற பழமொழியை நம் வீட்டுப் பெரியவர்கள் பிரம்புபோல் கையிலேயே வைத்திருக்கிறார்கள். பாலசரசுவதி ஏழு வயதில் 1925-இல் அரங்கேறியவர், உண்மை. ஆனால் ருக்மிணி தேவி? 1904-இல் பிறந்த அந்த அம்மையார் முப்பதை ஒட்டிய வயதில் பரதம் பயிலத் தொடங்கி, 1935-இல் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். முப்பது வயதில் வளைந்த உடல் அது. மேலும், போட்டி நடனத்தில் மூத்தோர் பிரிவு 35 வயதில் தொடங்குகிறது. அறுபதைக் கடந்தவர்க்கும் தனிப் பிரிவு உண்டு. நம் குறை வளையாமை அன்று, நண்பர்களே. ஐந்தில் வளைந்ததைப் பதினைந்தில் நாமே நிமிர்த்தி வைத்துவிடுகிறோம்; அதுதான் குறை.

இரண்டாவது வாதம் மானம். இரண்டாம் ஆண்டில் என் ஜோடி, இரசாயனம் படித்த ஓர் ஆங்கில மாணவர். போட்டிப் படத்தை வீட்டுக்கு அனுப்பினேன். அம்மாவின் முதல் கேள்வி, "யாருடி அந்தப் பையன்?" அப்பாவின் முதல் கேள்வி, "அவன் முதுகுல என்னம்மா நம்பர், கைதிக்குப் போட்ட மாதிரி?" போட்டியாளர் எண்ணை முதுகில் குத்துவார்கள் என்று அப்பாவுக்கு விளக்குவது எளிதாக இருந்தது. அம்மாவுக்கு விளக்க ஒரு வருஷம் ஆயிற்று.

அந்நிய ஆடவன் கையைப் பிடித்து ஆடலாமா என்பது கேலிக்குரிய கேள்வியன்று. நேர்மையாகவே விடை சொல்கிறேன். அவர் வலக்கை என் இடத் தோளெலும்பின் கீழ் நிற்கும். என் இடக்கை அவர் மேற்கையில் நிற்கும். என் முகம் இடப்புறம் திரும்பியிருக்கும். அவர் முகத்தை நான் பார்ப்பதே இல்லை. இரண்டு மணி நேரம் இப்படி நின்று பழகினால் காதல் நினைவு வராது. கெண்டைக்கால் வலிதான் நினைவுக்கு வரும். தொழில் தெரிந்த இரு தச்சர்கள் ஒரு மரத்தைத் தூக்கும்போது உள்ள பிடிப்புத்தான் அது. ஆயினும் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியவள் நான். எல்லாக் கைகளும் தச்சர் கைகள் அல்ல. ஜோடி சேருமுன் எத்தனை மணி பழகுவது, செலவை எப்படிப் பகிர்வது, எது பிடிக்கவில்லையென்றால் எப்படிச் சொல்வது என்று பேசிக்கொள்ள வேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னால் விலகாத கையோடு ஒரு நாளும் ஆடக்கூடாது. இந்தப் பேச்சைப் பேசக் கற்ற பெண்ணுக்கு அலுவலகத்திலும் அது உதவும்.

குடும்பப் பெண்கள் ஆடலாமா என்ற கேள்வி நம் பரதத்தையும் ஒரு காலத்தில் துரத்தியது என்பதை மறக்கலாகாது. அதை வளர்த்த பரம்பரையினரை ஊர் பழித்தது. பிறகு அதே ஆட்டத்தைச் சபைகள் கைதட்டி வரவேற்றன. ஆட்டம் மாறியதைவிட ஊரார் கண் மாறியதே அதிகம்.

மூன்றாவது வாதம், 'இது அந்நியச் சரக்கு' என்பது. அந்நியம் என்பது உண்மையே. ஆனால் பொன்மலையிலும் போத்தனூரிலும் பெரம்பூரிலும் ரயில்வேக் குடியிருப்புகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வால்ட்ஸும் ஜைவும் ஆடியிருக்கின்றன. அவர்களும் நம் ஊரார்தாமே? பிடிலும் மேனாட்டிலிருந்து வந்ததுதான். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? உங்களைப் பால்ரூம்தான் ஆடுங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. பறையாயினும் சிலம்பமாயினும் என் வாதம் ஒன்றே.

நான்காவது வாதம் நேரம். வாரத்துக்கு இரண்டு மாலை வகுப்பு, ஒரு மாலை தனிப் பயிற்சி. ஆக ஆறு மணி நேரம் எனக்குச் செலவாயிற்று. ஆடியதால் மதிப்பெண் கூடியது என்று சொல்லமாட்டேன், பொய்யாகும். குறையவும் இல்லை. ஒரு தாளில் மட்டும் குறைந்தது. அதற்குக் காரணம் என் சோம்பல், ஆட்டமன்று. கைப்பேசித் திரையைத் தேய்த்தே ஆறு மணி நேரத்தை ஒரே நாளில் கரைக்கும் நாம் நேரமில்லை என்று சொல்வது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகும்.

இனி, படிப்பை விட்டுவிடத் துணிந்த அந்த மாணவருக்கு என் விடை.

தம்பி, உலக பால்ரூம் போட்டியில் 1922-இல் முதலிடம் பெற்றவர் விக்டர் சில்வெஸ்டர் என்னும் ஆங்கிலேயர். அவர் வாழ்க்கையை நடத்தியது வென்ற பட்டத்தால் அன்று. நடனப் பள்ளி நடத்தினார், நூல் எழுதினார், 1935 முதல் வாத்தியக் குழு அமைத்து இசைத்தட்டு வெளியிட்டார். இன்றும் தொழில்முறை நடனக்காரரில் பெரும்பாலோர் பாடம் சொல்லிக் கொடுத்தே பிழைக்கிறார்கள். பரிசுப் பணம் உடைக்கும் பயணத்துக்கும் தனிப் பாடத்துக்கும் காணாது. முழங்கால் பழுதுபட்டால் வருமானமும் பழுதுபடும். ஒலிம்பிக் குழு இந்த விளையாட்டின் கூட்டமைப்பை 1997-இல் அங்கீகரித்தது; 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் பத்துப் பதக்கப் போட்டிகள் நடந்தன; ஆனாலும் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தக் கூட்டமைப்பின் வழியாக இடம்பெற்றது பிரேக்கிங் நடனமே; வால்ட்ஸ் இல்லை. ஆகவே பட்டத்தை முடித்துக் கையில் வைத்துக்கொள். அதன் பிறகும் ஆசை எரிந்தால், கற்பிக்கவும் உனக்கு மனம் இருந்தால், அப்போது இறங்கு. ஆடுவதில் மட்டும் ஆசை, கற்பிப்பதில் வெறுப்பு என்றால் அந்தத் தொழில் உனக்கு ஆகாது.

தொழிலாக்குவது ஒரு வழி. துறப்பது மற்றொரு வழி. இரண்டுக்கும் நடுவே அகலமான பாதை ஒன்று கிடக்கிறது. அதுதான் பகலில் வேலை, மாலையில் ஆட்டம் என்னும் வழி. மேனாட்டில் என்னோடு ஆடிய பலர் இன்று அந்த வழியில்தான் போகிறார்கள். ஆனால் அந்த வழியின் முள்ளையும் மறைக்கமாட்டேன். கல்லூரியில் இலவசமாய்க் கிடைத்தது எதுவும் வெளியே இலவசமாய்க் கிடைக்காது. ஆடுகளத்துக்கு வாடகை, ஆசிரியருக்குக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக, ஜோடி கிடைக்காது. பட்டமளிப்பு நாளில் ஒருவர் ஒரு நகருக்கும் மற்றவர் வேறு நகருக்கும் போய்விடுவார்கள். என் ஜோடி லண்டனுக்குப் போனார். நான் இந்தியா திரும்பினேன்.

இங்கேதான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து பெங்களூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஜோடி இல்லை, களம் இல்லை, வேலை மிகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலணிகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கடியில் வைத்தேன். பத்தாம் வகுப்பில் அப்பா சொன்ன 'போகட்டும்' என்ற சொல்லை இம்முறை நானே சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு தோழியின் திருமண வரவேற்பில் வால்ட்ஸ் இசை ஒலித்தது. எழுந்தேன். எண்ணிக்கை மனத்தில் இருந்தது, கால் கேட்கவில்லை. அன்று இரவு நான் அழுததற்குத் தூசியைக் காரணம் சொல்ல முடியவில்லை. யாரும் பறிக்காத ஒன்றை இரண்டாம் முறையாக நானே போட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஆராய்ச்சிக்காக இந்த வளாகத்துக்கு வந்தபின் மீண்டும் தொடங்கியிருக்கிறேன். ஜோடி இல்லாவிட்டாலும் தனியே அடி பழகலாம். தம்புரா இல்லாவிட்டாலும் சாதகம் செய்வதில்லையா? இப்போது நாங்கள் ஐவர். ஒருவர் மலையாளி, ஒருவர் வங்காளி, மூவர் தமிழர். எங்களில் யாரும் பிளாக்பூலில் வெல்லப் போவதில்லை. ஆனால் வாரம் ஒரு மாலை நாங்கள் மதிப்பெண்ணுக்கும் சம்பளத்துக்கும் அப்பாற்பட்ட மனிதர்களாக இருக்கிறோம். மற்ற ஆறு நாட்களின் சுமையைத் தாங்க அது போதுமானதாக இருக்கிறது.

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறை பொங்கலன்று மேடை கட்டி, மறுநாள் கலைத்துவிடும் வழக்கம் போதாது. கும்மியோ கோலாட்டமோ வால்ட்ஸோ, புதியவர்க்கென்று ஒரு வகுப்பை வாரந்தோறும் நடத்துவோம். படித்து முடித்து இந்நகரிலேயே வேலை பார்க்கும் பழைய மாணவர்களையும் அழைப்போம். கல்லூரி முடிந்தவுடன் களம் இழக்கிறவர்களுக்கு அந்த ஓர் அறை எவ்வளவு பெரிய உதவி என்பது இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த மூன்றாம் ஆண்டுத் தங்கைக்கு ஒரு சொல். பிளேஸ்மெண்டுக்கு நன்றாகப் படி. நல்ல வேலை வாங்கு. ஆனால் 'இதோடு சரி' என்று மட்டும் சொல்லாதே. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதே பொது அறையில் நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருப்போம். அனுபவம் வேண்டாம், ஜோடி வேண்டாம். காலணி மட்டும் கொண்டு வா.